செடிகொடி இல்லாமல் மனிதன் எத்தனை நாள் தாங்குவான்?

கேள்வி இதுதான். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், உலகத்தில் உள்ள செடி, கொடி, மரம் எல்லாம் ஒரே நாளில் அழிந்துபோனால் நமக்கு என்ன ஆகும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். ஆக்ஸிஜன் தீர்ந்து மூச்சு முட்டிச் செத்துப்போவோம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அது சரிதானா, வேறு காரணங்களும் உண்டா என்று இப்போது கேட்கிறார்.

சரியில்லை சார். மூச்சு முட்டுவதற்கு வெகு காலம் முன்பே பட்டினியில் செத்திருப்போம். உங்களைக் குறை சொல்லவில்லை, நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், மரம் நடு விழா மேடைகளில் இன்றைக்கும் அதையேதான் பேசுகிறார்கள். ஆனால் இந்தப் பதில், செடிகள் நமக்குச் செய்கிற வேலைகளில் கடைசியில் வரவேண்டிய ஒன்றைக் கொண்டுபோய் முதலில் வைத்துவிடுகிறது. அதனால் நிஜமான கெடுதலும் நடந்திருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆக்ஸிஜன் கணக்கைப் பார்த்துவிடுவோம், உங்கள் மகளே போடக்கூடிய கணக்குதான். பூமியின் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனின் மொத்த எடை ஏறக்குறைய 12 கோடி கோடி டன். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம் ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்கிறார், 800 கோடிப் பேருக்கு ஒரு வருடத்துக்கு என்று பெருக்கினால் 245 கோடி டன் வருகிறது. வகுத்துப் பாருங்கள், நாம் மட்டுமே மூச்சு விட்டுத் தீர்ப்பது என்றால் ஏறக்குறைய 5 லட்சம் ஆண்டுகள் ஆகும். ஆடு மாடு, புழு பூச்சி எல்லாம் மூச்சு விடுமே என்று கேட்பீர்கள். விடும்தான், ஆனால் செடி செத்த பிறகு அவற்றுக்கும் சாப்பாடு இல்லை. பூமியில் இருக்கும் எல்லாச் செடிகளையும் ஒன்றுவிடாமல் மட்க வைத்தாலோ எரித்தாலோகூட அதற்குச் செலவாகும் ஆக்ஸிஜன் இருப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குதான், மண்ணுக்குள் மட்கிக் கிடப்பதையும் சேர்த்து எரித்தால்கூட நூற்றில் ஒரு பங்கைத் தாண்டாது.

அவ்வளவு ஆக்ஸிஜன் எங்கிருந்து வந்தது? அதைச் சேர்த்துவைத்தது இன்றைய மரங்கள் இல்லை. ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நிலத்தில் ஒரு புல்கூட முளைக்காத காலத்தில், கடலில் இருந்த நீலப்பச்சைப் பாசிகள் ஆரம்பித்த சேமிப்பு அது. ஒரு பாசியோ இலையோ பகலில் வெளியிடும் ஆக்ஸிஜன், அது செத்து மட்கும்போது அப்படியே திரும்பச் செலவாகிவிடும். மட்காமல் சேற்றுக்கு அடியில் புதைந்துபோன மிகச் சிறிய பங்கு இருக்கிறதே, அதற்கு ஈடான ஆக்ஸிஜன் மட்டும்தான் காற்றில் மிஞ்சும், அப்படி மிஞ்சி மிஞ்சித்தான் இன்றைக்கு 21 சதவீதம். வளர்ந்து முடிந்த ஒரு காடு தான் தருவதைத் தானும், தன் மண்ணில் இருக்கும் பூஞ்சையும் கரையானுமாகச் சேர்ந்து செலவழித்துவிடுகிறது. 2019-ல் அமேசான் எரிந்தபோது உலக ஆக்ஸிஜனில் 20 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது என்று பெரிய பெரிய தலைவர்கள்கூடப் பகிர்ந்தார்கள், நிகரக் கணக்குப் பார்த்தால் அது கிட்டத்தட்டப் பூஜ்யம். அமேசானைக் காப்பாற்றுவதற்கு அதைவிட நல்ல காரணங்கள் பல உண்டு.

சரி, பட்டினிக்கு வருவோம். உலகம் முழுவதும் கிடங்குகளில் இருக்கும் அரிசி, கோதுமை, மக்காச்சோளம் எல்லாம் சேர்த்து, பருவ முடிவில் மிஞ்சும் இருப்பு ஓராண்டுத் தேவையில் ஏறக்குறைய 30 சதவீதம், அதாவது மூன்றரை மாதம் வரும். ஆடு, மாடு, கோழியை அறுத்துத் தின்றால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும், அவற்றுக்கும் தீவனம் இருக்காது என்பதால் அதையும் சீக்கிரம் முடித்தாக வேண்டும். கடலில் பாசி இருக்கும், மீன் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் 800 கோடிப் பேருக்கு அது காணாது. ஒரு வருடம் தாண்டுவது மிகவும் கஷ்டம்.

இதற்குள் இருக்கும் விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரியதாகத் தோன்றுகிறது. சூரிய வெளிச்சம் எவ்வளவு கொட்டினாலும் அதைத் தின்ன நம்மால் முடியாது. காற்றிலும் தண்ணீரிலும் நம் உடம்புக்கு வேண்டிய கார்பன், ஹைட்ரஜன் எல்லாம் இருக்கின்றன, ஆனால் அவற்றை ஒட்டவைத்து ஒரு சிட்டிகை மாவுச்சத்து செய்யக்கூட எந்த விலங்குக்கும் தெரியாது. நிலத்தில் அந்த வேலையைச் செய்யத் தெரிந்தது பச்சை இலை.

பிரசல்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்பவர் ஒரு சோதனை செய்தார், அவர் இறந்த பிறகு 1648-ல் அச்சில் வந்தது. காயவைத்த மண் 200 பவுண்டு எடுத்து ஒரு தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கடைசியில் மரம் 169 பவுண்டு. மண்ணைக் காயவைத்து நிறுத்தால் குறைந்திருந்தது வெறும் 2 அவுன்ஸ். மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்று நிரூபித்துவிட்டு, அப்படியானால் முழுக்கத் தண்ணீரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். பாதிதான் சரி. 'காஸ்' என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தவர் அவர், கரி எரியும்போது வரும் காற்றை ஆராய்ந்தவர், ஆனால் மரம் அந்தக் காற்றைத்தான் உண்கிறது என்பது அவருக்குத் தட்டுப்படவில்லை. அது பிடிபட இன்னும் நூற்றைம்பது வருடம் ஆனது. 1779-ல் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், வெளிச்சம் பட்டால்தான், அதுவும் பச்சையான பாகங்கள்தான் இந்த வேலையைச் செய்கின்றன என்று காட்டினார். 1804-ல் சொஸ்யூர் என்ற சுவிஸ்காரர் எடை போட்டு, கார்பன் காற்றிலிருந்தும் மீதியில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்தும் வருகிறது என்று கணக்கை முடித்துவைத்தார்.

வீட்டு வாசலில் நிற்கும் வேப்பமரத்தைக் காயவைத்து நிறுத்தால் அந்த எடையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காற்றும் தண்ணீரும்தான், மண்ணிலிருந்து வந்தது சில சதவீதம். அதையும் எவ்வளவு மெல்லிய காற்றிலிருந்து சேர்க்கிறது பாருங்கள். பத்தாயிரம் லிட்டர் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு 4 லிட்டர் சொச்சம்தான் இருக்கிறது. அதைப் பிடிக்கிற ருபிஸ்கோ என்ற நொதி வேறு படுமந்தமானது, மற்ற நொதிகள் நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வேலை முடிக்கும்போது இது மூன்று நான்கு முறைதான் செய்யும். அதனால் இலைக்குள் அதைக் குவித்து வைத்திருக்கிறது செடி, உலகத்தில் மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் ஒன்று அதுதான். கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு இவையெல்லாம் கார்பன் டை ஆக்ஸைடைத் தனியாகப் பிடித்து அந்த நொதியிடம் திணிக்கும் ஒரு ஏற்பாட்டை வளர்த்துக்கொண்டவை. அப்படிச் செய்வதால் இலைத் துளைகளை அகலத் திறந்து வைக்க வேண்டியதில்லை, தண்ணீர் மிச்சம். கோவில்பட்டிப் பக்கம் மானாவாரியில் கம்பும் சோளமும் விளைவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மாவுச்சத்தோடு கதை முடியவில்லை. நம் உடம்பு புரதம் கட்டுவதற்கு வேண்டிய அமினோ அமிலங்களில் ஒன்பதை நம்மால் செய்யவே முடியாது. நான் செடி சாப்பிட மாட்டேன், முட்டையும் கறியும் போதும் என்று யாராவது சொன்னால் அந்தக் கோழிக்கும் ஆட்டுக்கும் அதே கதைதான், கோழிக்கு அது தீவனத்திலிருந்து வந்தாக வேண்டும், ஆட்டுக்கு இலைதழையும் அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களும் செய்து தர வேண்டும். அரிசியில் லைசின் என்ற அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம், பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது, சாம்பார் சாதத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று நிரப்பிக்கொள்கின்றன. வைட்டமின் சி-யை ஆடும் நாயும் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும், நம் இனத்தில் அந்த மரபணு எப்போதோ கெட்டுப்போய்விட்டது. மாதக்கணக்கில் கப்பலில் போன மாலுமிகள் ஈறு அழுகி, பழைய காயங்கள் மறுபடி பிளந்து செத்துக்கொண்டிருந்தார்கள். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் பார்த்ததில், ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்த இரண்டு பேர்தான் சட்டென்று தேறினார்கள். விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன், பி12 வைட்டமினைச் செடிகள் செய்வதில்லை, அது பாக்டீரியாவின் வேலை.

அப்புறம் கரி, பெட்ரோல். பெட்ரோல் பெரும்பாலும் கடல் பாசிகளின் மிச்சம், நிலக்கரி நிலத்துச் செடிகளின் மிச்சம். 1930-களில் நெய்வேலிப் பகுதியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது வந்த கறுப்புப் பொருள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு அங்கே நின்ற காடுதான். இன்றைக்கும் தமிழ்நாட்டு மின்சாரத்தில் ஒரு பகுதி அந்த இலைகள் அன்று பிடித்த வெயில்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மரம் இருந்தால் மழை வரும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள், அதில் உண்மை எங்கே இருக்கிறது என்றால், வேர் உறிஞ்சும் தண்ணீரில் மிகப் பெரும்பகுதி இலை வழியே ஆவியாக வெளியே போகிறது, அந்த ஈரம் காற்றோடு நகர்ந்து வேறொரு இடத்தில் மழையாகிறது. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஒரு ஆய்வின்படி, தமிழ்நாட்டுக்கு வரும் தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் 25 முதல் 40 சதவீதம் வரை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் வெளியிட்டது. மலைக்குக் கிழக்கே மழை மறைவில் இருக்கும் நமக்கு, கடலிலிருந்து நேரே வரும் ஈரத்தோடு, காடு ஒருமுறை வாங்கித் திருப்பி அனுப்பும் ஈரமும் சேர்ந்துதான் வருகிறது. கேரளப் பக்கத்துக் காட்டை வெட்டினால் கேரளாவுக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கெடுதல் என்றேனே, அது இங்கேதான் வருகிறது. நீலகிரியின் உயரமான பகுதிகளில் பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியும் இருந்தன. அந்தப் புல் மழைநீரைத் தடுத்து மண்ணுக்குள் இறக்கி, தான் குறைவாகக் குடித்து, மீதியை ஓடைகளுக்கு விட்டுக்கொண்டிருந்தது, பவானி போன்ற ஆறுகள் பிறக்கும் மலை அது. மரம் இல்லாத நிலம் வீண் நிலம் என்ற எண்ணத்தில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து சுதந்திரத்துக்குப் பிறகும் அங்கே சீகை மரத்தையும் தைல மரத்தையும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள், விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் பிறகு ரேயான் கூழுக்கும். இன்றைக்கு அதே சீகையைப் பிடுங்கிப் புல்லை மீட்க வனத்துறை கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. மரம் என்றால் ஆக்ஸிஜன், ஆகவே எந்த மரமும் நல்லது, எங்கே நட்டாலும் நல்லது என்று போகும் சிந்தனை எனக்குக் கவலையாக இருப்பது இதனால்தான். நாம் தின்னும் நெல், கோதுமை, மக்காச்சோளம், கரும்பு, சிறுதானியம் அத்தனையும் புல் இனம், உலகம் செடிகளிலிருந்து பெறும் கலோரியில் பாதிக்கு மேல் நெல், கோதுமை, மக்காச்சோளம் என்ற மூன்று புற்களிலிருந்து வருகிறது. புல்லை மதிக்காமல் மரத்தை மட்டும் கும்பிடுவது எப்படிச் சரியாகும்?

அந்தப் புற்களைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லியே ஆக வேண்டும், இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே பாதி அதற்காகத்தான். 1966-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 நெல்லை வெளியிட்டது, நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நெல். அதுவும் அதற்குப் பின் வந்த ரகங்களும் ஆசியா முழுக்கப் பரவின. 1970-களில் புகையான் பூச்சி பரப்பும் ஒரு வைரஸ் நோய் வந்தது, பயிரைக் குட்டையாக்கிப் புல் கற்றை போல ஆக்கி, கதிரே வாங்கவிடாது. அதைத் தாங்கக்கூடிய நெல் எங்கேயாவது இருக்கிறதா என்று அந்த நிலையத்தில் சேர்த்து வைத்திருந்த 6,000-க்கும் மேற்பட்ட ரகங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிடைத்தது ஒன்றே ஒன்றில்தான், உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லில். குட்டைக் கரைகளிலும் பள்ளங்களிலும் தானாக முளைக்கும், கதிர் முற்றினால் மணி உதிர்ந்துவிடும், விவசாயி பார்த்தால் களை என்று பிடுங்கி எறியும் செடி அது. அதைக் கலந்து, குர்தேவ் சிங் குஷ் தலைமையிலான குழு உருவாக்கி 1976-ல் வெளிவந்ததுதான் ஐ.ஆர்.36. ஆறு நாடுகளிலிருந்து வந்த 13 ரகங்களின் ரத்தம் அதில் இருக்கிறது. 1980-களில் உலகத்திலேயே மிக அதிகப் பரப்பில் பயிரான நெல் ரகம் அதுதான், ஏறக்குறைய ஒரு கோடியே பத்து லட்சம் ஹெக்டேர். அந்த ஒரு களையை யாரும் பையில் போட்டு அனுப்பி வைக்காமல் இருந்திருந்தால், அந்தக் குட்டையை மூடி மனை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

விதையின் அருமை தெரிந்தவர்கள் எந்த எல்லைக்குப் போனார்கள் என்பதற்கு ரஷ்யாவின் லெனின்கிராடு நகரம் சாட்சி, இன்றைக்கு அதன் பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். நிக்கொலாய் வாவிலோவ் என்ற ரஷ்யத் தாவர விஞ்ஞானி உலகம் முழுக்கச் சுற்றிச் சேர்த்த விதைகளும் கிழங்குகளும் அந்த நகரத்தில் இருந்தன. 1941 முதல் 1944 வரை ஜெர்மன் ராணுவம் நகரை முற்றுகையிட்டபோது, மூட்டை மூட்டையாக அரிசியும் கோதுமையும் இருந்த கட்டடத்துக்குள்ளேயே அங்கு வேலை செய்தவர்கள் பலர் பசியால் இறந்தார்கள், நெல் சேகரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த திமித்ரி இவானோவ் அதில் ஒருவர். அவர் காத்த அரிசிப் பொட்டலங்கள் ஆயிரக்கணக்கில் அப்படியே இருந்தன. வாவிலோவே 1943-ல் ஸ்டாலின் அரசின் சிறையில், சராத்தோவில், பட்டினியால் நலிந்து இறந்தார்.

மருந்தைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். நித்திய கல்யாணி, சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்பார்கள், மடகாஸ்கரிலிருந்து வந்து நம் வீட்டு ஓரங்களில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கும் செடி. ஜமைக்காவில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் ராபர்ட் நோபல், சார்லஸ் பியர் இருவரும் ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ஆனால் எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரசரவென்று குறைந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்தானே ரத்தப் புற்றுநோய்! அந்த வழியில் வின்பிளாஸ்டின் என்ற மருந்தும், அடுத்து வின்கிரிஸ்டின் என்ற மருந்தும் வந்தன. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் முக்கியமான ஒரு வகையில் 1950-களில் பிழைத்தவர்கள் அபூர்வம், இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன, கொடுக்கப்படும் மருந்துகளில் வின்கிரிஸ்டின் முக்கியமான ஒன்று. டன் கணக்கில் காய்ந்த இலை இருந்தால்தான் சில கிராம் கிடைக்கும். தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இந்தச் செடியைப் பயிரிட்டு இலையும் வேரும் ஏற்றுமதி செய்கிறார்கள். செடிக்குள் மருந்து ஏன் இருக்கிறது என்று உங்கள் மகள் கேட்டால், பூச்சியோ ஆடோ கடிக்க வந்தால் செடியால் ஓட முடியாது, அதனால் தன்னைக் காத்துக்கொள்ள விதவிதமான நஞ்சுகளைச் செய்து வைத்திருக்கிறது, அளவோடு எடுத்தால் அவற்றில் சில நமக்கு மருந்து என்று சொல்லுங்கள்.

அவளுக்கு வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டலாம், செலவில்லாத சோதனை. பச்சைப்பயறு இரண்டு பங்கு எடுத்து, ஒவ்வொன்றையும் சரியாக 10 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள், கிராமுக்குக் கீழும் காட்டும் சின்னத் தராசு வேண்டும். இரண்டு தட்டில் ஈரத் துணி விரித்து முளைக்கவிட்டு, ஒன்றை வெயில் படும் ஜன்னலிலும் இன்னொன்றை அலமாரிக்குள் முழு இருட்டிலும் வைத்து, தண்ணீர் மட்டும் தெளித்து வாருங்கள். இருட்டில் இருப்பது மஞ்சளாக, வேகமாக, ஜன்னலில் இருப்பதைவிட நெட்டையாக வளரும், அதுதான் நன்றாக வளர்கிறது என்று அவள் சொல்வாள், சொல்லட்டும். இரண்டு வாரம் கழித்து இரண்டையும் வேரோடு எடுத்து, மொட்டைமாடியில் மொறுமொறுவென்று காயவைத்து நிறுங்கள். இருட்டில் வளர்ந்தது ஜன்னலில் வளர்ந்ததைவிட லேசாக இருக்கும், முதலில் போட்ட 10 கிராம்கூட அதில் மிஞ்சியிருக்காது. வெளிச்சம் இல்லாததால் விதையில் இருந்த சேமிப்பையே தின்றுதான் அவ்வளவு உயரம் போயிருக்கிறது. காணாமல் போன அந்தக் கிராம்கள் எங்கே போயின என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள், அதற்கு அவள் கண்டுபிடிக்கும் பதிலிலிருந்து மீதியைப் பேசலாம்.